உப்புக்கு அடிக்கிற மருந்து

எனக்கு வாய் நீளம் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். வேலை செய்யும் இடத்திலும் தெரியும். கற்பிட்டிப் பக்கத்தில் ஒரு சின்ன அரசாங்க ஆஸ்பத்திரியில், மருந்து கொடுக்கும் யன்னலுக்குப் பின்னால் இருபது வருடமாக நிற்கிறேன். சாப்பாட்டுக்கு முன் என்று சொன்ன குளிசையைச் சாப்பிட்ட பிறகு விழுங்கிவிட்டு வந்து முறையிடுகிறவர்களை நான் சும்மா விட்டதில்லை. எவ்வளவு, எப்போது, எத்தனை நாள் என்று மூன்றையும் சொல்லாமல் ஒரு பக்கட்டைக்கூட அந்த யன்னலைத் தாண்ட விட்டதுமில்லை. சொந்தத் தம்பியின் வீட்டில் சோற்றுக்கு முன்னால் குந்தியிருந்த ஒரு நாள் மட்டும் அந்த மூன்றையும் விட்டுவிட்டேன்.

அதற்குச் சில நாள் முன்பு என்னைப் போன்றவர்களை ஒரு நாள் பயிற்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அணு விபத்து ஒன்று நடந்தால் ஆஸ்பத்திரிகள் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் விசயம். எங்களுக்கு நேரே கடலுக்கு அந்தப் பக்கம் இந்தியா. அங்கே அணுமின் நிலையம் இருக்கிறது என்பது கடலுக்குப் போகிற எல்லோருக்கும் தெரிந்த கதை. அது வெடித்தால் மீன் எல்லாம் செத்து மிதக்கும் என்று மீன்வாடிகளில் அடிக்கடி பேசிக்கொள்வார்கள். ஆகவே நான் நல்ல கவனமாகக் கேட்டேன், ஒரு கொப்பி நிறையக் குறிப்பும் எடுத்தேன்.

வகுப்பெடுத்தவர் பொறுமையான மனிதர். அணு உலையிலிருந்து வெளியேறும் பொருள்களில் கதிர்வீச்சுள்ள அயடினும் ஒன்று என்றார். கழுத்தில் இருக்கும் தைரொயிட் சுரப்பி நல்ல அயடின், கெட்ட அயடின் என்று பார்ப்பதில்லை, வந்ததை எடுத்துக்கொள்ளும். கெட்டது வருவதற்குச் சற்று முன்போ, வந்த சில மணி நேரத்துக்குள்ளோ அளவான குளிசை ஒன்றைக் கொடுத்து அந்தச் சுரப்பியை நிரப்பிவிட்டால், பிறகு வருகிறதற்கு அங்கே இடமிருக்காது. பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மாருக்கும் முதலில் கொடுக்க வேண்டும். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு அதனால் பெரிய பலன் இல்லை. குளிசை காப்பது அந்த ஒரு சுரப்பியை மட்டும்தான், மற்றபடி கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பதும், வெளியே போட்ட உடுப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் குளிப்பதும்தான் பாதுகாப்பு. அரசாங்கம் சொல்லும்வரை யாரும் எதையும் விழுங்கக் கூடாது. இதைச் சொல்லும்போது மேசையில் விரலால் தட்டித் தட்டிச் சொன்னார்.

இவ்வளவும் என் கொப்பியில் இருந்தன. பயிற்சி முடிந்த அடுத்த வெள்ளிக்கிழமை தம்பி வீட்டுக்குப் பகல் சாப்பாட்டுக்குப் போனேன், கொப்பியை எடுத்துக்கொண்டு போகவில்லை.

தம்பி என்னைவிட ஒன்பது வயது இளையவன். தொண்ணூறில் புலிகள் முஸ்லிம்கள் என்று எங்களை மன்னாரிலிருந்து வெளியேறச் சொன்னபோது அவன் கைக்குழந்தை. உம்மாவின் தோளில் கிடந்து வந்தவன். அவனுக்கு எதுவும் ஞாபகமில்லை, ஆனால் வளர்ந்த வீட்டில் அந்தக் கதையைத் தவிர வேறு கதை இருக்கவில்லை. நேரம் தரவில்லை, நேரம் தரவில்லை என்று வாப்பா மவுத்தாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அதனாலோ என்னவோ, தம்பி எல்லாவற்றிலும் முந்திக்கொள்கிறவன். மழைக்காலம் தொடங்க ஒரு மாதம் இருக்கும்போதே கூரையில் ஏறி ஓடு மாற்றுவான். பிள்ளைக்குத் தடிமன் வரும் முன்பே என்னிடம் மருந்து கேட்பான். புத்தளத்துக்குக் கிட்ட ஓர் உப்புப் பக்கட் பண்ணும் இடத்தில் அவனுக்கு வேலை. உப்புக்கு அயடின் கலப்பது அவன் பொறுப்பு. வெள்ளைத் தூளைத் தண்ணீரில் கரைத்து, பெல்ட்டில் ஓடும் உப்பின்மேல் குழாயால் அடிக்க வேண்டும். அதை அவர்கள் மருந்து என்றுதான் சொல்வார்கள். "உப்புக்கு மருந்தடிக்கிறது" என்றால் அதுதான்.

அன்று தம்பி, அவன் மனைவி, ஏழு வயது மகள், நான், நாலு பேரும் ஒரே சஹனைச் சுற்றிக் குந்தியிருந்தோம். பெரிய தட்டில் நடுவே சோற்றைக் குவித்து எல்லோரும் அவரவர் பக்கத்திலிருந்து எடுத்துச் சாப்பிடுவது எங்கள் வழக்கம். பயிற்சியில் என்ன சொன்னார்கள் என்று தம்பி கேட்டான். எனக்குக் கேட்க வேண்டுமா? சோற்றைக் காட்டியே விளக்கினேன்.

"இந்த சஹன்ல ஆறு பேர் குந்தினா ஏழாவது ஆளுக்கு இடமிரிக்கா? இல்லத்தானே. அது மாதிரித்தான். நல்ல அயடின் முதல்ல வந்து குந்திட்டா கெட்ட அயடினுக்கு இடமில்ல. பிள்ளைகளுக்குத்தான் முதல் குடுக்கணும். என்னப் போல கிழடுகளுக்குப் பெருசா தேவையில்ல."

மகள் சிரித்துக்கொண்டே என் பக்கத்துச் சோற்றுக்குள் கையை விட்டு, "மாமிக்கு இடமில்ல, மாமிக்கு இடமில்ல" என்றாள். எல்லோரும் சிரித்தோம்.

"அயடின் எண்டா நாங்க உப்புக்கு அடிக்கிறதா ராத்தா?" என்று தம்பி கேட்டான்.

என் வாயில் ஆணம் ஊற்றிய சோறு இருந்தது. "ஓம், அதே சாமான்தான்" என்றேன்.

அது முழுப் பொய் அல்ல. உப்புக்கு அடிப்பதும் அயடின் உள்ள தூள்தான், குளிசையும் அயடின் உள்ளதுதான். ஆனால் இரண்டும் ஒரே இரசாயனம் அல்ல. அந்தத் தூளை அள்ளிக் குடிக்கக் கூடாது என்று சொல்ல எனக்கு இன்னும் ஒரு நிமிடம் போதுமாயிருந்தது. நான் கருவாட்டுத் துண்டொன்றை எடுத்து வைத்துக்கொண்டு வேறு கதைக்குப் போய்விட்டேன்.

அந்தச் செய்தி வந்தது கச்சான் காற்று ஓங்கி அடித்த ஒரு நாளில். மேற்கிலிருந்து, கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து நேராக எங்கள் முகத்துக்கு வீசுகிற காற்று அது. காலை எட்டு மணிக்கு முன்பே வட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு ஊர் முழுக்கச் சுற்றத் தொடங்கிவிட்டது. யாரோ ஓர் ஆண் மூச்சு வாங்கப் பேசுகிறார். அந்தப் பக்கத்தில் உலை வெடித்துவிட்டதாம், அரசாங்கம் மறைக்கிறதாம், பகலுக்குள் காற்று கரைக்கு வந்துவிடுமாம், அயடின் மருந்து எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் இருக்கட்டுமாம். பேசியவர் யார், எங்கிருந்து பேசினார் என்று இன்றுவரை எவருக்கும் தெரியாது.

ஒன்பது மணிக்கு என் யன்னலுக்கு முன்னால் நிற்க இடமில்லை. கண்டக்குழியிலிருந்து படகுக்காரர்கள் சரத்தோடு அப்படியே வந்திருந்தார்கள். தலவிலப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வாயில் ஈரத் துணியைக் கட்டிக்கொண்டு வந்திருந்தது. ஒருவர் காயத்துக்குப் பூசும் சிவப்பு அயடின் மருந்துப் போத்தலைக் காட்டி, இதில் எத்தனை மூடி குடிக்க வேண்டும் என்று கேட்டார். நான் போத்தலைப் பறித்து உள்ளே வைத்துக்கொண்டேன்.

"காயத்துக்குப் பூசுறதக் குடிச்சா குடல் வெந்து போகும். ரேடியோல சொன்னதா? இல்ல. ஆஸ்பத்திரில சொன்னதா? இல்ல. எவனோ ஒருத்தன் ஃபோன்ல கத்தினா நஞ்சக் குடிப்பீங்களா?"

"அப்ப நாங்க சாகவா மிஸ்?" என்று பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டாள்.

"வீட்டுக்குப் போய்க் கதவச் சாத்துங்க. குளிசை தேவையெண்டா கொழும்பிலயிருந்து வரும், நானே கூப்பிட்டுத் தாறன்."

கூட்டத்தில் ஒரு கிழவர், தங்கும் விடுதிகளில் இருக்கும் வெள்ளைக்காரர்கள் இன்னும் பட்டத்தைப் பிடித்துக் கடலில் சறுக்கி விளையாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள், அவன்கள் ஓடினால் நாங்களும் ஓடுவோம் என்றார். நாலைந்து பேர் அதைப் பார்த்துவர உடனே சைக்கிளில் போனார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. எனக்கும் பயம் என்பதை மறைக்க அந்தச் சிரிப்பு உதவியது. வெளியே மரங்கள் காற்றில் வளைவதைப் பார்க்கும்போதெல்லாம், உண்மையாக இருந்தால் என்ன செய்வது, உண்மையாக இருந்தால் என்ன செய்வது என்று உள்ளே அடித்துக்கொண்டது. சொந்தக்காரர்கள் எல்லோரும் மாறி மாறி எடுத்ததில் ஃபோன் ஓயவேயில்லை. நான் அதை அணைத்து மேசை லாச்சிக்குள் போட்டேன்.

பத்தரை மணி இருக்கும், வாசலில் ஓட்டோ ஒன்று வந்து நின்றது. தம்பி மகளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். பின்னால் அவன் மனைவி. பிள்ளை அவன் தோளில் தலையைப் போட்டுக்கொண்டு ஓங்காளித்தாள். அந்த நேரத்தில் கூட்டம் நடந்துகொண்ட விதத்தை என்னால் மறக்க முடியாது. "கதிர் பட்டுட்டுது, கதிர் பட்டுட்டுது" என்று யாரோ கத்தினார்கள். தாய்மார் தங்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினார்கள். ஏழு வயதுப் பிள்ளைக்கு ஆள் விட்டு ஆள் விலகி ஒரு பாதையே திறந்துவிட்டது. நானும் ஒரு கணம் அதைத்தான் நினைத்தேன். அல்லாஹ்வே, காற்று வந்துவிட்டது, முதலில் எங்கள் பிள்ளைதான் என்று நினைத்தேன்.

பிறகு தம்பி மனைவியின், என் மதினியின், வெள்ளைத் துப்பட்டியைப் பார்த்தேன். பிள்ளை சத்தியெடுத்த இடத்தில் நீலம் தெறித்திருந்தது. மை கொட்டினாற்போன்ற கடும் நீலம்.

பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படித்த எவருக்கும் அந்த நிறம் தெரியும். பாண், சோறு போன்ற மாப்பொருளில் அயடின் பட்டால் வரும் நிறம். பிள்ளை காலையில் பாண் சாப்பிட்டிருக்கிறாள்.

"என்னடா குடுத்தாய்?" என்றேன்.

தம்பியின் முகத்தில் பயம் இருந்தது, ஆனால் என் கேள்விக்குப் பதில் சொல்லும்போது அதற்குள்ளும் ஒரு திருப்தி இருந்தது. "மருந்து ராத்தா. நீங்க சொன்ன மருந்துதான். காத்து வாறதுக்கு முந்தியே குடுத்துட்டன். தேசிக்காத் தண்ணில கரச்சன், புளி பட்டதும் அயடின் நிறம் நல்லாவே வந்திச்சு. அது குடிச்சும் இப்பிடிச் சத்தியெடுக்கிறா. மருந்து பிந்திட்டோ?"

அவன் சட்டைப் பையிலிருந்து மடித்த கடதாசி ஒன்றை எடுத்து என் கையில் வைத்தான். "உங்களுக்கும் கொண்டு வந்தன். தேவையில்லண்டு சொன்னீங்கதான். மனசு கேக்கல்ல."

காலையில் வேலைக்குப் போன இடத்தில் செய்தியைக் கேட்டதும் ட்ரம்மிலிருந்து தூளை அள்ளிப் பொட்டலம் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குப் பறந்திருக்கிறான். பிள்ளைகளுக்குத்தான் முதலில் என்று நான் சொன்னபடி மகளுக்கு முதலில் கொடுத்திருக்கிறான். அடுத்ததை மனைவிக்குக் கரைத்துக்கொண்டிருந்தபோது பிள்ளை சத்தியெடுக்கத் தொடங்கியிருக்கிறாள். எத்தனை கரண்டி போட வேண்டும் என்று கேட்க அதற்கு முன்பு எனக்கு நாலு தரம் ஃபோன் எடுத்திருக்கிறான். ஃபோன் லாச்சிக்குள் இருந்தது.

"இதுவும் பிள்ளைக்குப் போட்ட அதே அளவா?"

"அதே அளவுதான். கரண்டியத் தட்டி அளந்தன்."

நான் உள்ளே ஓடினேன். மருந்து நிறுக்கும் சின்னத் தராசில் அந்தத் தூளைக் கொட்டினேன். முள் மூன்று கிராமையும் தாண்டி நின்றது. பயிற்சியில் சொன்ன குளிசையின் அளவு ஒரு சிட்டிகைக்கும் குறைவு, பிள்ளைகளுக்கு அதிலும் பாதி. இருபது வருடமாக நான் நம்பிய தராசு, அன்று மட்டும் அதை நம்ப மனம் வரவில்லை. மறுபடியும் நிறுத்தேன். அதே நிறைதான்.

எங்கள் டொக்டர் இளம் சிங்களப் பெண். நிறையைச் சொன்னதும் அவர் உடனே கொழும்பில் நஞ்சுகளைப் பற்றித் தகவல் சொல்லும் இடத்துக்கு ஃபோன் எடுத்தார். ஒரு பக்கம் பிள்ளைக்குச் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. அவர் ஃபோனில் ஓம், ஓம் என்று கேட்டு எழுதுவதை நான் தோளுக்கு மேலால் பார்த்தேன். வயிறு, சிறுநீரகம் என்று எழுதினார். அதற்குக் கீழே கண் என்று எழுதி அதன் அடியில் இரண்டு கோடு போட்டார்.

"ஏன் கண்?" என்று கேட்டேன்.

"இந்தத் தூள் கூடினா கண்ணுக்குப் பின்னால இருக்கிற படலத்தக் கெடுக்கும். உடனே தெரியாது. நாளைக்கு, நாளண்டைக்குத்தான் தெரியும்" என்றார் சிங்களத்தில். பிறகு தம்பியின் பக்கம் திரும்பி, "இதைக் கொடுக்கச் சொன்னது யார்?" என்று கேட்டார்.

தம்பி என்னைப் பார்த்தான். ஒரு கணம்தான். "வட்ஸ்அப்பில வந்திச்சு" என்றான்.

டொக்டர் அதையும் எழுதிக்கொண்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். காலையிலிருந்து நூறு பேரைத் திட்டித் தீர்த்த என் வாய் அப்போது திறக்கவில்லை. என் வேலையை நினைத்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதைத்தான் நினைத்தேன். பயிற்சிக்குப் போய்வந்த மருந்துக்காரி நஞ்சைக் கைகாட்டிவிட்டாள் என்று நாளைக்கு ஊர் பேசும் என்று நினைத்தேன்.

அம்புலன்சில் புத்தளம் பெரியாஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ரேடியோவில் அறிவித்தல் வந்தது. எங்கேயும் எந்த விபத்தும் நடக்கவில்லை, வதந்தியை நம்ப வேண்டாம் என்றார்கள். சாரதி சத்தத்தைக் கூட்டினார். மதினி மட்டும் அல்ஹம்துலில்லாஹ் என்றாள். ரோட்டோரக் கடைகளில் ஆட்கள் சிரித்துப் பேசிக்கொண்டு நிற்பதைக் கண்ணாடிக்குள்ளால் பார்த்தேன். அவர்கள் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவேயில்லை.

அன்று முழுக்கப் பிள்ளை சத்தியெடுத்தாள், வயிற்றால் போனது, பிறகு சோர்ந்து நித்திரையானாள். அடுத்த நாள் காலை முகம் தெளிந்திருந்தது. பிஸ்கட் கேட்டாள். தம்பி வார்ட்டுக்கு வெளியே போய் அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லி ஷுக்ர் சஜ்தா செய்துவிட்டு வந்தான். எனக்கு மட்டும் மனம் ஆறவில்லை. பிள்ளை எதைப் பார்க்கிறாள், எதை எடுக்கிறாள் என்று அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் பெரிய யன்னல், அதற்குள்ளால் வெயில் கண்ணைக் கூசும்படி விழுந்துகொண்டிருந்தது. பகல் பதினொரு மணி.

"மாமி," என்றாள் பிள்ளை, "ஏன் இன்னும் லைட்டப் போடல்ல?"

அதற்குப் பிறகு வந்த நாட்களை ஒழுங்காகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. கொழும்புக்குக் கொண்டுபோனோம். கண் டொக்டர் பிள்ளையின் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்து நெடுநேரம் பார்த்தார். பின் படலம் புண்பட்டிருக்கிறது, கொஞ்சம் திரும்பி வரலாம், எவ்வளவு என்று இப்போது சொல்ல முடியாது, மருந்து தருகிறேன், பதினைந்து நாளைக்கு ஒருமுறை தவறாமல் கொண்டு வாருங்கள் என்றார். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று தம்பி மூன்று முறை கேட்டான். மூன்று முறையும் அவர் அதே பதிலைத்தான் சொன்னார்.

வீட்டுக்கு வந்த பிறகு தம்பி வேலைக்குப் போகவில்லை. காலையில் சுபஹு தொழுதுவிட்டு வந்ததும் பிள்ளையைக் கதிரையில் இருத்தி, அறையின் மறுபக்கம் போய் நின்று கையைத் தூக்குவான்.

"எத்தின விரல் மகள்?"

"மூணு."

"இப்ப?"

"அஞ்சு."

"இப்ப?"

"ஒண்டு."

அவன் ஓடிவந்து பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுவான். கிளினிக்கில் பிள்ளைக்கு எழுத்து தெரியவில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள், வீட்டில் மறுசுவரிலிருந்து விரல் தெரிகிறது. அங்கே போனால் பிள்ளை பயந்துவிடுகிறாள், அதனால்தான் பிழையாகச் சொல்கிறாள் என்று தம்பி முடிவு கட்டினான். மூன்றாவது கிளினிக் வர இரண்டு நாள் இருக்கும்போது, இந்த முறை போகத் தேவையில்லை என்றான். இவ்வளவு தூரம் பஸ்ஸில் போட்டு உலுப்பி எதற்கு, பிள்ளைக்குச் சுகம்தானே என்றான். எனக்கும் நம்ப ஆசையாக இருந்தது. நானும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

அன்று அஸர் தொழுகைக்குத் தம்பி பள்ளிக்குப் போயிருந்தான். மதினி பின்னால் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் விளையாட்டாகத்தான் பிள்ளையின் முன்னால் நின்று இரண்டு விரலைக் காட்டினேன்.

"எத்தின?"

"மூணு" என்றாள் உடனே.

நாலு விரலைக் காட்டினேன். "அஞ்சு" என்றாள். நான் கையைக் கீழே போட்டுவிட்டு, ஒன்றையுமே காட்டாமல் மறுபடியும் கேட்டேன். "ஒண்டு" என்றாள். அவள் முகம் என்னைப் பார்க்காமல், எனக்குக் கொஞ்சம் இடப்பக்கமாகச் சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

நான் பேசாமல் நின்றதில் அவளுக்கு விளங்கிவிட்டது. சிரிப்பு நின்றது.

"வாப்பா எப்பவும் மூணுலதான் தொடங்குவாரு மாமி. பொறகு அஞ்சு. பொறகு ஒண்டு" என்றாள் மெதுவாக. "சரியாச் சொன்னா அவரு அழுறல்ல. சொல்லிடாதீங்க மாமி."

நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். சொல்ல மாட்டேன் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லாமல் விடுவது எனக்கு எவ்வளவு இலேசாகிவிட்டது என்று அப்போதுதான் உறைத்தது. கிளினிக் நாளை மறுநாள். போகாமல் விட்டால் இருக்கிற கொஞ்சமும் போகலாம்.

தம்பி பள்ளியிலிருந்து வரும்போது நான் வாசல் படலையில் நின்றேன். பிள்ளை சொன்னதை அப்படியே சொன்னேன். முதலில் அவனுக்குக் கோபம்தான் வந்தது. உங்களுக்கு எப்போதும் கெட்டதுதான் கண்ணில் படும் என்று சத்தம் போட்டான். நான் பதிலுக்குச் சத்தம் போடவில்லை. அவன் தொப்பியைக் கழற்றி மடித்தான், மறுபடி விரித்தான்.

"டொக்டர் மிஸ் கேக்கக்குள்ள நான் பொய் சொன்னன்" என்றான் கடைசியில். "நீங்க பக்கத்திலயே நிண்டுக்கிட்டு ஒண்டும் பேசல்ல. பிள்ளை அதே கட்டில்லதான் படுத்திருந்திச்சு. எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருந்திச்சு ராத்தா. அது வேற யாரப் பாத்துப் படிச்சிருக்கப் போகுது?"

அவன் என்னைக் குற்றம் சொல்லவில்லை. தன்னையும் சேர்த்துத்தான் சொன்னான்.

தம்பி உள்ளே போய்ப் பிள்ளையின் முன்னால் குந்தினான். இந்த முறை தெரியாட்டி தெரியல்ல எண்டு சொல்லணும், வாப்பா அழ மாட்டேன் என்றான். எழும்பிச் சுவரோரம் போய் விரலைக் காட்டினான். பிள்ளை பேசவில்லை. ஓரடி முன்னால் வந்து மறுபடியும் காட்டினான். "தெரியல்ல" என்றாள், சொல்லிவிட்டு அவன் அழுகிறானா என்று காதைக் கொடுத்துக் கேட்டாள். இன்னும் ஓரடி. இன்னும் ஓரடி. பிள்ளை தலையைச் சரித்து, கண்ணின் ஓரத்தால் பார்க்க முயன்றாள். அவன் கையை நீட்டினால் அவள் மூக்கைத் தொடலாம் என்கிற அளவுக்கு வந்த பிறகுதான் வாய் திறந்தாள்.

"நாலு."

நாலுதான். அவன் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டான். அழ மாட்டேன் என்று சொன்னதைக் காப்பாற்ற வாயைப் பொத்திக்கொண்டான்.

இரண்டு நாள் கழித்துத் தம்பியும் நானும் பிள்ளையுமாகக் கொழும்புக்குப் போனோம். கண் டொக்டர் பழைய கடதாசிகளைப் புரட்டிக்கொண்டே, வீட்டில் எவ்வளவு தூரத்துக்குத் தெரிகிறது என்று கேட்டார். தம்பி தன் கையை நீட்டிக் காட்டி, "இவ்வளவுதான்" என்றான். அவர் தலையாட்டிக்கொண்டு எழுதினார். எழுதிக்கொண்டிருந்தவர் எங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கடிதத்தைப் பார்த்து, வட்ஸ்அப் என்று இதில் எழுதியிருக்கிறதே, இந்தத் தூளைத்தான் குடிக்கச் சொல்லி அதில் வந்ததா என்று கேட்டார்.

தம்பி என்னைப் பார்க்கவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்ல டொக்டர். அதுதான் மருந்து எண்டு சொன்னது நான்" என்றேன்.

பிள்ளை என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள்.